இரண்டு கால் கரண்டி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு ஆர்க்கிட் செடியின் கதை சொல்கிறேன். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நிவேதா, "இது பூத்தா சொல்லும்மா, வர்றேன்" என்று விட்டுப்போன செடி அது. அவள் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார் அப்பா மாசிலாமணி. அம்மா சிவகாமி, திங்கட்கிழமைகளில் அவர் குளிக்கப் போனதும் கால் கரண்டி உரம் கரைத்து ஊற்றுவாள். அதற்கு மேல் போனால் வேர் வெந்துவிடும்.

பூந்தண்டு எட்டிப் பார்த்த வாரம் இலைகள் தொய்ந்தன. தொட்டியைக் கவிழ்த்தாள். மண்ணுக்குப் பதிலாக நிரப்பியிருந்த கரித்துண்டுகளில் உர உப்பு பூத்திருந்தது. வேர்கள் நுனி கருகிக் கிடந்தன.

"என்னங்க ஊத்துனீங்க இதுல? பொண்ணத்தான் தொரத்துனீங்க, இதையுமா கொல்லணும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு உரப் பொட்டலத்தை எடுத்தார். "வாராவாரம் வெள்ளிக்கிழம நீ கோயிலுக்குப் போனப்புறம்... கால் கரண்டிதான் சிவகாமி."

அவள் செடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேரில் சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர் ஊற்றினாள். உயிருள்ள வேர் நனைந்தால் பச்சையாகும். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதாவது சொம்பில் அவர் செடியை அவள் பக்கம் திருப்பினார்.

"அங்க... அந்த ஓரத்துல பாரு, பச்ச."

உங்கள் வீட்டு வாசல், போனவர்கள் திரும்பி வரும் வாசலாக இருக்கட்டும்.