மூடிக்கு ஒரு கேஸ்கெட்

"எங்க அண்ணன்னா உங்களுக்கு இளப்பமாப் போச்சு, இல்ல?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனை ஆரம்பமாகிவிட்டது.

"இப்ப நான் என்ன பண்ணினேன்?"

"காலையில போய் உக்காந்தவரு இன்னும் அந்த டிரம் முன்னாடியேதான் கிடக்காரு. கண்ணு ரெண்டும் சிவந்து போச்சு. கூடப் பொறந்தவ வீட்டுக்கு வந்தவரை இப்படியா வேலை வாங்குவாங்க?"

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால், ஸ்மோக்கர் என்று அவன் ஆசையாக வாங்கி வந்த இரும்பு டிரம் நின்றது. அடியில் கரி, மேலே தட்டில் இறைச்சி. மூடிவிட்டால் புகையிலேயே மணிக்கணக்காக மெல்ல வேகும்.

வேகத்தான் வேண்டும். ஆனால் மூடி சரியாக உட்காரவில்லை. இடுக்கு வழியே காற்று புகுந்தால் கரி தகதகவென்று பிடித்துக்கொள்ளும், சூடு காட்டும் முள் எகிறிவிடும். அடியிலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறப்பதும் மூடுவதுமாக ஒருத்தர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த ஒருத்தர் அவளுடைய அண்ணன். மில்லில் பாய்லர் பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். தனிக்கட்டை என்பதால் தங்கை வீட்டோடு வந்துவிட்டார்.

"நெருப்பு அவரு சொன்னபடி கேக்குது. நான் உக்காந்தா கருகிடுது," என்றான் கணவன்.

"சும்மா சோறு போட முடியாதுன்னு சொல்லாமச் சொல்றீங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று அவன் வெங்காயத்துக்குத் திரும்பினான். அப்படியானால் அதுதான் உண்மை என்று அவள் முடிவு கட்டினாள்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ரகமில்லை அவள். குக்கரில் ஆவி போனால் கேஸ்கெட் மாற்றுகிறோம், டிரம்முக்கு மட்டும் என்ன கேடு? ஹார்டுவேர் கடையில் விசாரித்து, சூடு தாங்கும் பட்டை கேஸ்கெட் ஒரு சுருள் வாங்கி வந்தாள். விளிம்பில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டித் துடைத்து, சுற்றிலும் ஒட்டி, பசை காயும்வரை மூடி வைத்தாள். பிறகு ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்து, மூடி, இழுத்துப் பார்த்தாள். கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிறு, முள் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது.

அண்ணன் டிரம்மை இரண்டு சுற்று சுற்றி வந்தார். விளிம்பின் மேல் கையை நீட்டிப் பார்த்தார். பொட்டுப் புகை இல்லை.

"அருமையா பண்ணிட்டே பாப்பா. இனிமே ஆளே வேண்டாம்."

"அதுக்குத்தாண்ணே பண்ணினேன். நிம்மதியா டிவி பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே அறைக்குப் போனார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானம் அண்ணன் ஒரு துண்டுக் கறியோடு போதும் என்று எழுந்தபோதுகூட, வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு, மூடியிலிருந்து மறுபடி புகை. கேஸ்கெட் ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது. அண்ணன் பழையபடி முக்காலியைப் போட்டு, இடுக்கியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

ஒட்டினாள். மறு வாரம் வேறொரு பக்கம் பெயர்ந்தது. அதையும் ஒட்டினாள். இன்னொரு பக்கம்.

இது என்ன கூத்து? பசை மட்டமென்றால் மொத்தமாக அல்லவா உரிய வேண்டும்? எலியென்றால் இவ்வளவு நேராகவா கடிக்கும்? ஒரு வாரம் முழுக்க அவளுக்கு இதே யோசனை. துணி துவைக்கும்போதுகூட இடையில் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமைவரை கேஸ்கெட் கல்லு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனைவரை போய், பக்கவாட்டுச் சந்து வழியாகத் திரும்பி வந்தாள்.

டிரம்முக்குப் பக்கத்தில் கணவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் காய் நறுக்கும் கத்தி. நாக்கைத் துருத்திக்கொண்டு, கேஸ்கெட்டைப் பதமாக நெம்பிக்கொண்டிருந்தான்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"எங்க அண்ணன் புகையில வேகணும், நீங்க உக்காந்து சாப்பிடணும். அதானே?"

"மெல்லப் பேசு. உள்ளதான் இருக்காரு."

"கேக்கட்டும். மாப்பிள்ளை லட்சணம் அவருக்கும் தெரியட்டும்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"நீ இதை ஒட்டினதுக்கு அப்புறம் வந்த ஞாயிறு சாயங்காலம் உங்க அண்ணன் பெட்டியைக் கட்டிட்டாரு. 'இங்க எனக்குன்னு இருந்தது இந்த ஒரு வேலைதான் மாப்பிள்ளை, அதுவும் இல்லாம எந்த முகத்தை வெச்சுக்கிட்டு சாப்பிடுறது'ன்னு சொன்னாரு. அவருக்கு வேற போக்கிடமும் கிடையாது. 'மூடி மறுபடியும் புகையுது மச்சான், நீங்க இல்லாம ஆகாது'ன்னு சொல்லித்தான் வாரா வாரம் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்து கத்தியை எடுத்தாள்.

"இவ்வளவு போதாதுங்க. இந்தப் பக்கமும் கொஞ்சம் கிளப்பி விட்டுடலாம்."