தோற்றவளுக்கு ஒரு மணிநேரம்

இந்த ஆட்டத்தில் கடைசியாக வருபவள்தான் வீட்டுக்காரி. முதலில் வருபவள் வேலைக்காரி.

வீட்டுக்காரி சொல்வதை வேலைக்காரி ஒரு மணிநேரம் செய்தே ஆகவேண்டும். பெட்டியின் மூடியில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

கள்ளம் செய்து பிடிபட்டால் பரிசு: ஐந்து கட்டம் பின்னால் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்திருந்தது. ஆட்டத்துக்கு ஆள் காணாதென்று, அந்த லிபெர்த்தா தெரு வீட்டின் குசினியில் வேலைக்கு நின்ற புனிதமலரையும் கூப்பிட்டு இருத்தியிருந்தார்கள்.

அவள் எல்லோரும் பார்க்கவே காயைக் கள்ளமாய் நகர்த்தினாள். திரும்பத் திரும்பப் பிடிபட்டாள்.

வீட்டு எசமானி சிஞோராவுக்கோ பாண் கடை வரிசையில்கூட ஒருவருக்குப் பின்னால் நிற்கத் தெரியாது. முந்தினால் தோல்வி என்று தெரிந்தும் மனுசிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒருமுறை உருட்டினால் போதும் என்ற இடத்தில் இரண்டுமுறை உருட்டினாள். விறுவிறுவென்று போய் முதல் ஆளாக நின்றாள். புனிதமலர் கடைசி.

புனிதமலரின் ஏப்ரனை சிஞோராவுக்குக் கட்டிவிட்டு வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மகன் கைபேசியில் படம் பிடித்தான்.

புனிதமலர் முதலில் தண்ணீர் கேட்டாள். வந்தது.

பிறகு நாலாக மடித்த தாளொன்றை எடுத்து விரித்தாள். வேலை ஒப்பந்தம். அது இல்லாமல் வெள்ளிக்கிழமை அவளுடைய பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. எல்லாம் நிரப்பியிருந்தது, சிஞோராவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதைத்தான் நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு மாதமாக இழுத்தடித்திருந்தாள் அந்தப் புண்ணியவதி.

கையெழுத்து வைக்கச் சொன்னாள் புனிதமலர். சிரித்த வாயோடு சிஞோராவும் பெரிதாக ஒன்றைக் கிறுக்கிவிட்டாள். வாசித்தது அதற்குப் பிறகுதான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

தாளைத் தா என்று சிஞோரா கையை நீட்டினாள். புனிதமலர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். அவளுக்குப் பயம்தான். ஆனாலும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இந்த நாசமாய்ப்போன விளையாட்டை யார் வீட்டுக்குள் கொண்டுவந்தது என்று சிஞோரா கத்தினாள்.

பேத்தி பயந்துபோய்ப் புனிதமலரைக் காட்டினாள். போன கிழமை சின்னவளின் பிறந்தநாளுக்கு, வியா மக்வேதா தெருக் கடையில் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

“இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு, சிஞோரா,” என்றாள் புனிதமலர். “குசினியிலை சட்டி பானையெல்லாம் கழுவாமல் கிடக்கு.”