கூட்டம் காட்டிய இடம்

“கடைக்கு இடம் பார்க்க நாங்க யாரையும் கேட்கறதில்லம்மா. ஜனங்க எங்க கூடுறாங்கன்னு அவங்க செல்போனே மேப்புல காட்டிக் குடுத்துடும்” என்றார் முகுந்தன், சோபா, கட்டில் விற்கும் பெரிய கம்பெனியின் மேனேஜர். “பழவேற்காட்டுலேயே உங்க இட்லிக் கடையிலதான் தினமும் நூறு பேர் மணிக்கணக்கா இருக்காங்க!”

“நாலு பேர் குந்தவே எடமில்லியே சார்” என்றாள் தேசம்மா.

“மேப் பொய் சொல்லாதும்மா. எடத்துக்காரர்கிட்ட பேசியாச்சு, காலி பண்ணிடுங்க.”

இட்லிக் கடையை இடித்துவிட்டு மூன்று மாடி ஷோரூம் கட்டினார்கள். திறப்பு விழாவன்று ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. தேசம்மா மட்டும் தலையில் கூடையோடு உள்ளே வந்து, அதைப் புது சோபாவில் இறக்கினாள்.

உடனே தலைமை அலுவலகத்திலிருந்து போன்.

“கங்கிராட்ஸ் முகுந்தன்! நூறு பேர் ஒண்ணா நுழைஞ்சிருக்காங்க. சோபா செக்‌ஷன்ல செம கூட்டம்!”

முகுந்தன் கூடைக்குள் பார்த்தார். முழுக்கச் செல்போன்கள்.

“எறா புடிக்க ஏரியில எறங்குறவங்களோடது சார். நனைஞ்சிடும்னு எங்கிட்டதான் குடுத்துட்டுப் போவாங்க. கடையத்தான் நீங்க எடுத்துக்கினீங்களே, தூக்கினு சுத்துறேன்.”

முகுந்தன் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அம்மா, கொஞ்ச நேரம் கட்டில் செக்‌ஷன்லேயும் வைங்களேன்.”