எதிர்வெயில்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் தொழிலில் அதை யாரும் அறியார். எதிர்வெயில் என்றால்தான் தெரியும்.

படம் எடுக்க வந்தவரைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்துவார். கேமராவின் பார்வைத் துளையில் கண்ணைப் பதித்து, தலையின் விளிம்பில் சூரியன் வந்து உட்காரும் வரை அந்தச் சூரியனையே பார்த்திருப்பார். வலக்கண் சலித்தால் இடக்கண். பிறகு முடியிழைதோறும் பொன் ஓடும். அந்தப் பொன்னுக்காகவே கல்யாண வீட்டார் அவரைத் தேடி வந்தனர்.

அன்று மாலை, மொட்டைமாடியில் அவர் முன் நின்றவள் அவருடைய மகள்.

விடிந்தால் வேலைக்காகக் கடல் கடந்து போகிறாள்; திரும்ப வருடங்கள் ஆகும். அவள் முகத்தைத் தம் கையால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

முகம் விழவில்லை.

கூந்தலில் பொன் ஓடியது, தோள் மின்னியது, நடுவே முகம் மட்டும் புகை படிந்ததுபோல் இருண்டு கிடந்தது.

எதிர்வெயிலில் இது வழக்கந்தான். ஒளியைக் கூட்டி எடுத்தார். மனைவி தெர்மகோல் அட்டையை உயர்த்திப் பிடித்து, வெயிலை மகளின் முகத்திற்குத் திருப்பினாள். மறுபடி எடுத்தார். மறுபடி இருட்டு.

"கை கடுக்குதுங்க. என்னைய என்ன விளம்பரப் பலகைன்னு நெனச்சீங்களா, நட்டு வச்ச மாதிரி நிக்க?" என்றாள் மனைவி.

மகள் வந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானேப்பா இருக்கு. மூக்கு மேல இருக்கிற பரு வரைக்கும் தெரியுது."

தம்மைத் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

சில மாதங்களாகவே தம் படங்களில் முகங்கள் இருண்டு விழுவதாக அவருக்கு ஒரு மனக்குறை. வாங்கிப் போனவர்களில் ஒருவரும் வாய் திறக்காததை அவர்களுடைய பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தார்.

வெயில் இறங்கிவிட்டது. கேமராவை மூடிக்கொண்டு, களைத்த கால்களைப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தார்.

கூடத்தில் குழல்விளக்கு எரிந்தது. பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். வெளிச்சம் நேராக அவள்மேல் விழுந்தது. அவளுக்குப் பின்னால் வெறும் சுவர்.

அப்போதும் முகம் இருண்டே இருந்தது.

மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் முகம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஓரத்து எண்கள் தெரிந்தன; நடுவில் முட்களைக் காணோம்.

மெல்ல நாற்காலியில் அமர்ந்தார். பார்வை தானாகவே மகளின் காதோரம் சரிந்தது. தோடு மறைந்தது. அதன் பக்கத்தில், கலங்கலாக, அவள் முகம் வந்து நின்றது: புருவம், மூக்கு, பாதிச் சிரிப்பு.

"என்னப்பா, என் காதையே பார்க்கிறீங்க?"

"தோட்டுத் திருகாணி தளர்ந்திருக்கோன்னு பார்த்தேம்மா."

அவள் தொட்டுப் பார்த்து, இறுகத்தான் இருந்தது என்றாலும், இன்னும் ஒரு சுற்று முடுக்கிக்கொண்டாள்.

கண் மருத்துவரிடம் போவதை அவள் புறப்பட்டுப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் வழியனுப்பும்போது அவள் காதையே பார்ப்பது என்று அவர் முடிவு செய்தார்.