குனிந்து சொன்ன நன்றி

ஜப்பானிய ஆறுகளில் கப்பா என்று ஒரு குட்டிப் பூதம் உண்டு. அதன் உச்சந்தலையில் கிண்ணம் போல ஒரு பள்ளம். அதில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குத் தெம்பு.

ஒரு கப்பாவுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். கரையில் ஒரு மாடு தண்ணீர் குடிக்கத் தலையைத் தாழ்த்தியது. நமக்குத்தான் வணக்கம் வைக்கிறது என்று நினைத்துக் கப்பாவும் இடுப்பொடியக் குனிந்தது. தலைத் தண்ணீர் முழுக்க மணலில் கொட்ட, துவண்டு விழுந்தது.

பார்த்துக்கொண்டிருந்த தவளை வாய் வாயாகத் தண்ணீர் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பியது.

எழுந்த கப்பா, "ரொம்ப நன்றி அண்ணே!" என்று குனிந்தது. மறுபடியும் விழுந்தது.

தவளை மறுபடியும் நடையாய் நடந்தது. "வாயால சொல்லு, போதும். தலையை மட்டும் ஆட்டாதே!"

"வெறும் வாயால சொன்னா நன்றி ஆயிடுமா அண்ணே?" கப்பாவுக்கு மனசே ஆறவில்லை.

கோடை வந்தது. ஆறு வற்றி ஒரு மடுவாகச் சுருங்கிவிட்டது. கப்பா தேடிப் போனபோது தவளை தூரத்துப் பாறையில் காய்ந்து கிடந்தது. மடுவுக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விடும்.

கப்பா அதன் எதிரே நின்று, நிதானமாக, இடுப்பொடியக் குனிந்தது.

நனைந்த தவளை கண் திறந்தது. பக்கத்தில் துவண்டு கிடந்த கப்பாவைப் பார்த்தது.

"நீ திருந்தவே மாட்டே" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவர மடுவுக்குத் தத்தித் தத்திப் போனது.