வாசல் பக்கம்

பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை ஒரே பட்டாசு மருந்து அறைக்குள் வேலைக்கு விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது.

நான் கீர்த்திகா. கலவரத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் பிறகு எப்படிச் சமாதானம் ஆகிறார்கள் என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமம். தொண்ணூற்றைந்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் வெட்டிக்கொண்டதில் வீடுகள் எரிந்து, கீழத்தெரு மொத்தமும் கம்மாய்க்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டது. இப்போது இரண்டாயிரத்து ஐந்து. இன்னமும் நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து கிடையாது.

'எதிர்த்தெருக்காரரை நம்புகிறீர்களா?' என்று என் படிவத்தில் ஒரு கேள்வி. அறுபது பேரிடம் கேட்டேன். அறுபது பேரும் 'இல்லை'.

ஆனால் இரண்டு தெருவும் வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனியில் கூத்தே வேறு. மருந்து கலக்கும் அறைக்குள் இரண்டே பேர்தான் இருக்கலாம். சின்னத் தப்பு நடந்தாலும் ஆள் மிஞ்சாது. அப்பேர்ப்பட்ட இடத்தில் தினமும் மேலத்தெரு ஆள் ஒருத்தர், கீழத்தெரு ஆள் ஒருத்தர். அந்த வாரம் மேலத்தெரு முனியராஜும் கீழத்தெரு ஊர்க்காவலனும்.

போர்மேன் வெள்ளைத்துரையிடம் கேட்டேன். வாசல் பக்கம் நிற்பவருக்கு மட்டும் வெளியே பாய ஒரு நொடி கிடைக்குமாம். அதனால் அந்த இடம் ஒரு நாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு என்று முறை வைத்திருக்கிறார்களாம். அதையெல்லாம் விளக்கமாகச் சொன்னவர், ஏன் இப்படி ஜோடி சேர்க்கிறீர்கள் என்றதும் மழுப்பிவிட்டார்.

பகையை வைத்துக் கம்பெனி விளையாடுகிறது என்று முடிவுகட்டினேன். இனி ஒரே தெரு ஆட்களாகப் போடச் சொல்லி தொழிற்சாலை ஆய்வு அதிகாரிக்கு ஒரு பெட்டிஷன் எழுதினேன். நாளைக்கு அனுப்பப்போகிறேன் என்று இரண்டு தெருவிலும் சொல்லியும் வைத்தேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது முனியராஜ் வந்தார். நாலடி தள்ளி ஊர்க்காவலனும் வந்து நின்றார். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கவில்லை. பெட்டிஷனை அனுப்ப வேண்டாம் என்று இருவரும் தனித்தனியாக என்னிடமே சொன்னார்கள்.

கம்பெனி மிரட்டியதா என்று கேட்டேன்.

"கம்பெனி என்ன மிரட்ட? நாங்களா கேட்டு வாங்குன ஏற்பாடும்மா இது," என்றார் முனியராஜ்.

ஊர்க்காவலன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "அந்த வருசம் மருந்து அறை வெடிச்சதுல ரெண்டு பேரு செத்தாக. ரெண்டு பேருமே எங்க தெரு. மேலத்தெருக்காரன்தான் ஏதோ செஞ்சுபுட்டான்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. அம்புட்டுத்தான், ஊரே எரிஞ்சுபோச்சு."

"இனிமே எளவு விழுந்தா ரெண்டு தெருவுலயும் சேந்து விழட்டும்," என்றார் முனியராஜ். "அப்ப யாரும் யாரையும் கைகாட்ட முடியாதுல்ல?"

பெட்டிஷனை அங்கேயே கிழித்துப் போட்டேன். அப்படியானால் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டீர்களா என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்ல," என்றார்கள் இருவரும்.

"சரி, இவரை நம்பவாவது செய்றீங்களா?" என்று ஊர்க்காவலனைக் காட்டிக் கேட்டேன்.

"யாரு, இந்தாளையா?" என்று என்னை முறைத்தார் முனியராஜ்.

என்னதான் எழுதுவது என் படிவத்தில்? குழப்பத்தோடு பஸ் ஏறினேன். முனியராஜ் என் ஜன்னலோரம் வந்தார். ஊர்க்காவலன் காதுகேட்கிற தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"அந்தாளுகிட்ட ஒரு சேதி சொல்லிருங்கம்மா. நாளைக்கு வாசப் பக்கம் என் முறை. அவரே நின்னுக்கிடட்டும். நேத்துத்தான் அவரு வீட்டுல பிள்ளை பொறந்திருக்கு."