பத்தாத சட்டை

“நமக்குப் பத்தாத சட்டையைப் பெட்டியில பூட்டி வெச்சா...” என்று அப்பா ஏதோ சொல்வார். மீதி, தம்பிக்கு மறந்துவிட்டது. அண்ணன் போட்டுக் கழித்ததையே போட்டு வளர்ந்தவன். முதல் பாதி மட்டும் மனதில் தங்கியிருந்தது.

இன்று அவன் தன் சட்டை ஒன்றை அண்ணனுக்கு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடி ஏறினான். அண்ணன் அவ்வளவு இளைத்துவிட்டார்.

வார்டு வாசலிலேயே அண்ணி மடக்கினாள்.

“நேத்து அவர்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க தம்பி? காலையிலேர்ந்து ஒரே புலம்பல். ‘என் ரத்தமே எனக்கு எமன்’கிறார். போற வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்றார்.”

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னது நல்ல சேதியாயிற்றே!

தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களில் ‘ஓ’ வகை ரத்தக்காரர்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறார்கள், ‘ஏ’ வகைக்காரர்கள் பாடு சிரமம் என்று செல்போனில் ஒரு செய்தி வந்திருந்தது. அண்ணன் ‘ஓ’. டாக்டரிடம் காட்டினான். “சின்ன ஆய்வு சார். இதை வெச்சு நாங்க யாருக்கும் வைத்தியம் பண்றதில்ல” என்று அவர் ஒதுக்கிவிட்டார். அவனுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் காதில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

“தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டார் அண்ணி.”

“எதைத்தான் நேராப் புரிஞ்சுக்கிட்டார்? இடதுன்னா வலதுல திருப்பறவங்களுக்கே காலம் பூரா வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தவராச்சே!” அண்ணி மூக்கை உறிஞ்சினாள். “எப்படி இருந்த மனுஷன். இப்படிக் கோழையாயிட்டாரே. நீங்க போய்ச் சரி பண்ணுங்க.”

சரி பண்ணுவதுதான் தம்பியின் பிழைப்பே. பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். தப்பைக் கண்டால் கை துறுதுறுக்கும்.

உள்ளே அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். இப்போது ஹாரன் கரகரவென்று காற்றாக வந்தது.

“குடுத்து வெச்சவரய்யா நீர்! ‘ஏ’ வகை. அடிச்சு ஜெயிக்கிற ரத்தம். என்னைப் பாரும், ‘ஓ’. ‘ஓ’ன்னு அழத்தான் லாயக்கு.”

பக்கத்துக் கட்டில்காரர் சங்கடமாகச் சிரித்தார். ஒரு பள்ளியில் விளையாட்டு வாத்தியார். அவருக்கும் தொண்டைதான். இன்னும் பரவவில்லை, குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டார். வாத்தியார் அசையவில்லை. “கத்த முடியாது, போகட்டும். விசில்கூட ஊத முடியாதாம் சார். அப்புறம் மைதானத்துல நான் என்ன, கோல் கம்பமா?” என்று முன்பு தம்பியிடம் கேட்டிருக்கிறார். அப்போது அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அண்ணா, நான் சொன்னது அப்படி இல்ல...” என்று தம்பி ஆரம்பித்தான்.

அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பிரேக்கைப் போடு என்று மாணவர்களுக்குச் சொல்கிற அழுத்தம்.

“என்னைக் கொஞ்சம் பாத்ரூம் கூட்டிட்டுப் போடா.”

நடைக்கு வந்ததும் அண்ணன் சுவரில் சாய்ந்தார்.

“ரகசியம் சொல்ற லட்சணமாடா அது? பாதி திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுடுச்சு. நீ போனதும் அந்த ஆள் கேட்டான், ‘எந்த ரத்தம் தேவலைன்னாங்க அண்ணா?’ன்னு. அவன் தலைமாட்டு அட்டையில ‘ஏ’ன்னு எழுதித் தொங்குது. நான் என்னத்தைச் சொல்ல?”

“அதுக்காக உன் நல்ல சேதியைத் தூக்கிக் குடுத்துடுவியா?”

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

“நேத்து நீ வர்றதுக்கு முன்னாடி டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். நுரையீரலுக்குப் போயிடுச்சாம். எனக்கு ஆபரேஷன் கிடையாது. உங்க அண்ணிக்கு இன்னும் தெரியாது.”

தம்பி அவர் தோளைப் பிடித்தான். கைக்கு எலும்புதான் அகப்பட்டது.

“எனக்கு அது பத்தாத சட்டைடா. அவனுக்குச் சரியா இருக்கும். அவன் பொண்ணு இப்பத்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருக்கு.”

திரும்பி வந்தபோது வாத்தியார் எழுந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஆபரேஷனுக்கான சம்மதத் தாள். பக்கத்தில் பேனாவோடு மனைவி.

“சார், கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். ஒரே ஒரு உதவி. அந்தச் செய்தி உங்க போன்ல இருக்காமே? கண்ணாடி வீட்டுல மறந்துட்டேன். ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. இவளும் கேக்கட்டும்.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கால்மாட்டில் அண்ணி வந்து நின்றாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு.

“படிங்க தம்பி. இவருக்கும் நல்லாக் கேக்கிற மாதிரி சத்தமாப் படிங்க. எது சரின்னு தெரியட்டும்.”

தம்பி போனை எடுத்தான். ‘ஓ’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘ஏ’ என்றும், ‘ஏ’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘ஓ’ என்றும், கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிதானமாகப் படித்தான்.